அத்தை ஏன் இங்கேயே நின்றார்: மலையகப் பயணக் குறிப்புகள்

திங்கள், கொழும்பு கோட்டையிலிருந்து தலவாக்கலைக்கு

1973ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது குறித்து எங்களிடம் இரண்டு கதைகள் இருக்கின்றன. நீலகிரியின் கோத்தகிரியில் சொல்லப்படும் கதைப்படி, தாத்தாவும் அப்பாயியும் பெரியப்பாவும், அப்போது ஏழு வயதுச் சிறுவனாக இருந்த என் அப்பாவும் இந்தியாவுக்குப் புறப்பட்ட நேரத்தில், அத்தை வரமாட்டேன் என்று அடம்பிடித்து, அவசரமாக ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு தோட்டத்திலேயே நின்றுவிட்டார். இலங்கையில் தலவாக்கலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் சொல்லப்படும் கதைப்படி, போகிற இடத்தில் ஒரு வயிறாவது குறையட்டும் என்று அவரை அவசரமாக ஒருவருக்குக் கட்டிவைத்துவிட்டுக் குடும்பம் கப்பலேறிவிட்டது. இரு கதைகளும் ஒத்துப்போகும் ஒரே இடம் அந்த அவசரக் கல்யாணம்தான். மற்ற எல்லாவற்றிலும் அவை ஒன்றையொன்று மறுக்கின்றன. அப்பா எந்தப் பக்கமும் பேசாமலேயே காலமாகிவிட்டார். பெரியப்பா எழுபதை நெருங்குகிறார், அவருக்கு அக்காவான அத்தை எழுபதைத் தாண்டிவிட்டார். இருவரும் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பில்தான் புறப்பட்டு வந்திருக்கிறேன். அன்றன்று கேட்டதை அன்றன்று இரவே எழுதிப் பதிவிடுகிறேன்.

பின்னணி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான தோட்டத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, அவ்வாறு நாடின்றி நின்ற 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வதற்கு. அந்த எஞ்சியவர்களை இரு அரசுகளும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எண்கள் டெல்லியில் முடிவான பிறகே யார் எந்தப் பக்கம் போக விரும்புகிறார்கள் என்று மக்களிடம் மனுக்கள் கேட்கப்பட்டன. அந்த வரிசை மாற்றத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் இரயில் மூச்சு வாங்கியபோது பெட்டி நிறைய வெளிநாட்டுப் பயணிகள் கைப்பேசியை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்கள். பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை என்று ஏறி ஹட்டனைத் தாண்டியதும் நான் எழுந்து வாசலுக்குப் போனேன். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவேதான் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. பெரியப்பாவின் கதையில் அந்தச் சுரங்கம் முடிவதே இல்லை; இருட்டு தொடங்கியதும் அப்பாயி வாய்விட்டு அழ ஆரம்பித்தார், வெளிச்சம் வந்தபோது அவருக்குக் குரலே போயிருந்தது என்று அவர் சொல்வார். அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்த இருட்டை இரயில் ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரத்துக்குள் கடந்துவிட்டது.

நீளத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. பதினாறு வயதுப் பையனுக்கு அன்று அது அவ்வளவு நீளமாகத்தான் இருந்திருக்கும். என்னை யோசிக்க வைத்தது வேறு. குடும்பம் ஹட்டனில்தான் வண்டியேறியது, அத்தை வழியனுப்பக்கூட அங்கே வரவில்லை என்பதைப் பெரியப்பா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். ஹட்டனில் ஏறிக் கீழே இறங்குபவர்கள் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போகவே முடியாது. அது ஹட்டனைத் தாண்டி மலையேறும் வழியில் இருக்கிறது. அப்பாயி அந்த இருட்டில் அழுதது உண்மையென்றால் அவர்கள் கொட்டகலையிலோ தலவாக்கலையிலோ ஏறியிருக்க வேண்டும். வேறொரு பயணத்தில் கேட்ட அழுகை இந்தப் பயணத்தோடு சேர்ந்துகொண்டதாகவும் இருக்கலாம். தலவாக்கலையில் இறங்கியபோது நடைமேடையின் நீளத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

செவ்வாய், தோட்டத்தில்

தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டார். ஆகவே எழுதவில்லை. ஆட்டோ கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் கடந்து, கான் எனும் வடிகால் ஓரமாகச் செல்லும் படிகளில் ஏறினால், தொழிலாளரின் வரிசை வீடான லயம் வருகிறது. கூரைத் தகரம் மாற்றப்பட்டிருக்கிறது, முன் திண்ணையான இஸ்தோப்பைச் சுவர் வைத்து அடைத்து இன்னொரு அறையாக்கியிருக்கிறார்கள், மின்சாரம் இருக்கிறது. ஆனால் காம்பரா (ஒற்றை அறை) அதே காம்பராதான், பத்துக்குப் பன்னிரண்டு அடி. இதே லயத்தில், இதற்கு நான்கு வாசல் தள்ளித்தான் தாத்தாவின் குடும்பம் இருந்தது. அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறது.

அத்தையை நான் இதற்கு முன் காணொளி அழைப்பில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்த கை. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறை படிந்த வெடிப்புகள் ஓய்வு பெற்ற பிறகும் மறையவில்லை. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு முடித்த பின், நான் கேட்காமலேயே ஆரம்பித்தார். தரையில் ஒரு இடத்தைக் கையால் துடைத்துவிட்டு, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார். அதுதான் இரயில். தீப்பெட்டி தாத்தா. வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்த பாக்கு அப்பாயி. இரண்டு கொட்டைப்பாக்குத் துண்டுகள் பெரியப்பாவும் அப்பாவும். சற்றுத் தள்ளி, தனியாக, சுண்ணாம்பு டப்பி, அது அவர்.

"தலவாக்கல டேசன்தான் தம்பி. ஹட்டனுன்னு யாரு சொன்னா? ஒங்கப்பன நான்தான் தூக்கி வண்டியில ஏத்துனேன். ஏறச் சொல்லி என்னய யாரும் கூப்புடல."

சொல்லிக்கொண்டே கொட்டைப்பாக்குத் துண்டு ஒன்றைச் சிரட்டையின் மேல் வைத்தார். பிறகு சுண்ணாம்பு டப்பியைத் தரையோடு இழுத்துக்கொண்டே போய், சிரட்டை நகர்ந்த திசையில் ஒரு சாண் தூரம் ஓடவிட்டு நிறுத்தினார். தாத்தா முந்திய இரவு காம்பராவுக்கு வந்து, ஆறு மாதத்தில் எழுதிப் போட்டு வரவழைத்துக்கொள்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்ததாகவும், அந்தக் கடிதம் வரவே இல்லை என்றும் சொன்னார். கல்யாணம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லையாம். கடவுச்சீட்டில் இருந்த தம் பெயரை அடித்துவிட்டுத்தான் கல்யாணத்தைப் பேசினார்களாம். இதைச் சொல்லும்போது அவருடைய குரலில் எழுபது வயதுக்குரிய தளர்ச்சி எதுவும் இல்லை.

நான் எதையும் மறுத்துப் பேசவில்லை. என் கைப்பேசியில் தாத்தாவின் கடவுச்சீட்டின் படம் இருக்கிறது. கோத்தகிரியில் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துப் பெரியப்பா காட்டியபோது எடுத்தது. அதில் அடித்தல் எதுவும் கிடையாது. ஆனால் அரை நூற்றாண்டாக ஒருவர் சுமந்து வந்ததை, அவர் சொல்லி முடித்த மறுநொடியே ஒரு படத்தைக் காட்டி நிறுத்துவது நியாயமாகப் படவில்லை.

புதன், ஹட்டன்

தாத்தாவின் தம்பி மகன் ஹட்டனில் இருக்கிறார். எனக்கு அவரும் பெரியப்பா முறைதான். குழப்பம் வராமலிருக்க ஹட்டன் பெரியப்பா என்று எழுதுகிறேன். தொழிற்சங்கத்தில் தோட்டத் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். அவரிடம் நான் கேட்க விரும்பியது அத்தையைப் பற்றி மட்டுமல்ல.

கோத்தகிரி வீட்டில் நாங்கள் கேட்டு வளர்ந்த பெருமை ஒன்று உண்டு: டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்ட அன்று தாத்தா அந்தக் கூட்டத்தில் நின்றார், குண்டுச் சத்தத்தைக் காதால் கேட்டார் என்பது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பிறருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது காவல் துறை சுட்டதில் லெட்சுமணன் உயிரிழந்தார். அந்த நாள் 1977 மே 11. தாத்தா 1973லேயே இலங்கையை விட்டுப் போய்விட்டார். 1977இல் அவர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காக அமைக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். இந்த எளிய கணக்கை எங்கள் வீட்டில் இத்தனை ஆண்டுகளாக யாருமே போட்டுப் பார்க்கவில்லை.

ஹட்டன் பெரியப்பா இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. நிதானமாக, "அது நான்தாம்ப்பா" என்றார். அன்று கூட்டத்தில் நின்றவர் அவர். நடந்ததை நான்கு பக்கக் கடிதமாக எழுதிப் பெரியப்பனுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, அனுப்பியிருக்கிறார். கோத்தகிரியில் அப்போது நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் தாத்தா. லயத்து ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்து கேட்க, அவர் அதை உரக்க வாசித்திருக்க வேண்டும், ஒருமுறைக்குப் பலமுறை. "நான் நின்றேன், நான் கேட்டேன்" என்ற வரிகள் தாத்தாவின் வாயிலிருந்து தாத்தாவின் குரலில் வந்தன. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கடிதத்தின் "நான்" நாளடைவில் தாத்தாவாகிவிட்டது. பொய் சொன்னவர் என்று இதில் ஒருவரும் இல்லை.

இத்தாலியின் தெர்னி நகர உருக்காலைத் தொழிலாளரிடம் வாய்மொழி வரலாறு சேகரித்த அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் இதைப் போன்ற ஒன்றைக் கண்டார். லூயிஜி திரஸ்துல்லி என்ற இளந்தொழிலாளி 1949இல், நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்த ஊர்வலத்தில் காவல் துறையின் சூட்டில் இறந்தார். ஆனால் பலர் அந்தச் சாவை, 1953இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது மூண்ட தெருப் போராட்டங்களோடு சேர்த்தே நினைவில் வைத்திருந்தார்கள். தங்கள் பிழைப்பே பறிபோன அந்தப் பெரும் போராட்டத்தில்தான் ஒருவர் உயிரைக் கொடுத்திருக்க முடியும் என்று அவர்களுடைய மனம் தீர்மானித்திருந்தது. தவறான ஆண்டை நினைவின் ஓட்டை என்று ஒதுக்கிவிடாமல், அந்தத் தவறு அவர்களுக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்று போர்த்தெல்லி கேட்டார். ஹட்டன் கடைத்தெருவில் நடந்து வரும்போது எனக்கு இதுதான் திரும்பத் திரும்ப வந்தது. நாட்டை விட்டுப் போனதில் தாத்தாவுக்கு ஒரு குற்றவுணர்வு இருந்தது என்று அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார். போராடிய கூட்டத்தில் அவரை நிறுத்திப் பார்க்க எங்கள் வீட்டுக்கு ஒரு தேவை இருந்திருக்கிறது.

அத்தையைப் பற்றி ஹட்டன் பெரியப்பா சொன்னது மூன்றாவது கதை. மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் செத்த காலம் அது. போனவர்கள் எல்லாரும் பஞ்சத்துக்குப் பயந்துதான் போனார்கள், கல்யாணத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றார். பஞ்சம் உண்மை. 1973, 74 என்று சொன்னாலே இங்கே முதியவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தாத்தாவின் மனு அந்தப் பஞ்சத்துக்கு முந்தியது, ஏனெனில் மனுக்கள் வாங்குவதே 1970 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அவரும் பின்னால் வந்த பெருந்துயரத்தை முன்னால் நடந்த ஒன்றுக்குக் காரணமாக்கியிருக்கிறார்.

வியாழன்

விடியலிலிருந்து மழை. எதிர் மலை தெரியவில்லை. அத்தை தலைவலி என்று படுத்துவிட்டார்; நான் எங்கும் போகவில்லை.

கோத்தகிரிக்குத் தொலைபேசியில் பேசிச் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டேன். பெரியப்பா கேட்டுவிட்டு, சுரங்கத்தில் அழுததும் உண்மை, ஹட்டனில் ஏறியதும் உண்மை, வழி நீ விசாரித்ததில்தான் ஏதோ தவறு என்று உறுதியாகச் சொன்னார். அவருடைய உறுதியை நான் குறைத்து மதிக்கவில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகள் கழித்து அதையே மீண்டும் கேட்டபோது பலர் வேறு இடத்தையும் வேறு மனிதர்களையும் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. புதிய நினைவே தெளிவாக, ஐயமற்று நின்றது. இரண்டரை ஆண்டுகளில் அப்படியென்றால் ஐம்பது ஆண்டுகளில் எப்படி இருக்கும்? அதோடு, அந்த மாணவர்களுக்கு விண்கலத்தின் மேல் வழக்கு எதுவும் இல்லை. இங்கே ஒவ்வொருவருக்கும் மற்றவர் மேல் ஒரு வழக்கு இருக்கிறது.

வெள்ளி, தோட்டத்தில்

இன்று நடந்ததை முழுமையாக எழுத வேண்டும்.

அத்தையின் மூத்த மகள், எனக்கு மதினி, பண்டாரவளையிலிருந்து காலையில் வந்தார். ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பேச்சு வார்த்தைகளைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார். அத்தை கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து, பால்மாப் பைக்குள் சுருட்டி வைத்திருந்த காகிதங்களை வெளியே எடுத்தார். சேமலாப நிதிக் காகிதங்கள், மாமாவின் மரணச் சான்றிதழ், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கிடைத்த குடியுரிமைக் காகிதம். அந்தக் காகிதம் கையில் கிடைக்கும்வரை, பிறந்த மண்ணிலேயே இருந்தும் அத்தைக்கு எந்த நாடும் இல்லை. "அவங்களுக்காவது போய்ச் சேர ஒரு நாடு இருந்துச்சு" என்றார். அவருடைய கோபத்தில் பாதி இந்த ஒரு வரிக்குள் இருப்பதாக எனக்குப் பட்டது.

அடியில் மதினியின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அத்தையின் பெயரில் ஓர் எழுத்து தவறு, மாமாவின் வயது இரண்டு கூடுதல். பிறந்த நாள், 1970 ஆகஸ்ட்.

நான் அதை இருமுறை வாசித்தேன். பிறகு கைப்பேசியை எடுத்துத் தாத்தாவின் கடவுச்சீட்டைத் திறந்தேன். தலைமன்னாரை விட்டுப் புறப்பட்ட முத்திரை 1973 நவம்பர். அப்படியானால் குடும்பம் வண்டியேறிய அன்று மதினிக்கு மூன்று வயது நிரம்பியிருந்தது. கல்யாணம் 1969இல் நடந்திருக்க வேண்டும். கோத்தகிரியிலும் இங்கேயும் ஒரே குரலில் சொல்லப்பட்ட, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே செய்தியான அந்த "அவசரக் கல்யாணம்", புறப்பாட்டுக்கு நான்கு ஆண்டுகள் முன்னால் நடந்தது.

இரு பக்கமும் ஒன்றைச் சொல்கிறது என்பதாலேயே அதை நான் இதுவரை உண்மை என்று எடுத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் சோதித்து வந்தேன். இரண்டு கதைகளுக்கும் கல்யாணம் புறப்பாட்டின் அருகில் இருப்பது தேவையாக இருந்திருக்கிறது. நான்கு ஆண்டுகள் இடைவெளி இருந்தால் அத்தையை ஓடிப்போனவளாக்க முடியாது. தாத்தாவை, மகளைத் தள்ளிவிட்டுப் போனவராக்கவும் முடியாது. அந்த நான்கு ஆண்டுகள் இரண்டு கதைகளிலிருந்தும், கூடிப் பேசி முடிவெடுத்தது போல, ஒரே அளவில் காணாமல் போயிருக்கின்றன.

காகிதங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் நடந்தது எனக்கு இப்படித் தெரிகிறது. 1969இல் அத்தைக்கு, அன்றைய வழக்கப்படி, இதே லயத்தில் கல்யாணம் ஆனது. அந்த நாட்களில்தான் இரு நாட்டு மனுக்களும் தோட்டம் தோட்டமாக நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தன. தாத்தா தம் குடும்பத்துக்கு இந்தியாவைக் கேட்டார். மாமாவின் அப்பா இலங்கையைக் கேட்டார். கல்யாணமான பெண் கணவன் வீட்டுக் கணக்கில் சேர்ந்தாள். ஆகவே தாத்தாவின் கடவுச்சீட்டில் அத்தையின் பெயர் எழுதப்படவும் இல்லை, அடிக்கப்படவும் இல்லை. வரமாட்டேன் என்று சொல்வதற்கோ வருகிறேன் என்று சொல்வதற்கோ அத்தையிடம் ஒருவரும் எந்தத் தாளையும் நீட்டவில்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டு ஏறக்குறைய 7,00,000 பேர் மனுச் செய்ய, உடன்படிக்கையோ 3,00,000 பேருக்கு மட்டுமே இடம் வைத்திருந்தது. அந்த இடைவெளிக்குள் எங்கள் வீட்டைப் போல எத்தனையோ வீடுகள் நடுவில் கிழிந்தன. அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை இங்குள்ளவர்கள் ஒப்பாரிக் கோச்சி, அதாவது ஒப்பாரி இரயில், என்று அழைத்தார்கள். இரண்டு அரசுகள் செய்த பங்கீட்டை எங்கள் வீடு அக்கா தம்பிச் சண்டையாக நினைவில் வைத்திருக்கிறது. அரசின் மேல் கோபப்பட்டு ஒரு தோட்டத் தொழிலாளி எங்கே போய் நிற்பது? தம்பியின் மேல் கோபப்படலாம், அவனுக்கு முகம் இருக்கிறது, முகவரி இருக்கிறது, கடிதம் எழுதாமல் இருந்து அவனைத் தண்டிக்கலாம்.

இதை நான் அத்தையிடம் இந்த அளவுக்கு விளக்கவில்லை. ஆண்டுகளை மட்டும் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மீண்டும் எண்ணினார். "அப்ப இவ எங்க இருந்தா?" என்று மகளைப் பார்த்துக் கேட்டார்.

மதினி எழுந்து போய், அடுப்படியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வந்தார். செவ்வாயன்று அத்தை வைத்த அதே இடத்தில் நான் பொருள்களை வைத்துக் காட்டச் சொல்லியிருந்ததால் சிரட்டையும் சுண்ணாம்பு டப்பியும் தரையில்தான் இருந்தன. புளியங்கொட்டையைச் சுண்ணாம்பு டப்பியின் மூடி மேல் வைத்தார். "ஒங்க இடுப்புலதாம்மா இருந்தேன். நீங்க ஓடுனப்ப என் கால் தூண்ல இடிச்சு ரத்தம் வந்துச்சு. நீங்க பாக்கல." சேலையைக் கணுக்காலுக்கு மேல் சற்று உயர்த்தி ஒரு தழும்பைக் காட்டினார். இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அத்தை கேட்டார். கதை சொல்லும்போதெல்லாம் நீங்கள் தனியாகத்தான் ஓடினீர்கள், நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்டதில்லை என்றார் மதினி.

அவருக்கு அப்போது மூன்று வயது. மூன்று வயதில் நடந்ததைத் தன் நினைவாகவே ஒருவர் வைத்திருப்பது அரிது. தழும்பைப் பார்த்துப் பார்த்து, தாயின் கதையைக் கேட்டுக் கேட்டு, பிற்காலத்தில் அவரே அந்தக் காட்சிக்குள் தம்மை வைத்திருக்கவும் கூடும். அந்தத் தழும்பு வேறொரு நாள் வேறொரு கல்லில் பட்டதாகவும் இருக்கலாம். இதையும் நான் எழுதித்தான் ஆக வேண்டும், பெரியப்பாவின் சுரங்கத்துக்கு ஒரு நியாயமும் மதினியின் தழும்புக்கு வேறொரு நியாயமும் வைக்க முடியாது. ஆனால் தழும்பின் கதை எப்படி இருந்தாலும், 1973 நவம்பரில் இந்தக் காம்பராவில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. இரண்டு நாடுகளிலும் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட இரண்டு கதைகளிலும் அந்தப் பிள்ளை இல்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

சனி, தோட்டத்தில்

நாளை கம்பளைக்கு இறங்குகிறேன். அங்கே பக்கத்துத் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பார்த்துவிட்டுக் கொழும்பு போக வேண்டும். அதற்கு முன் கோத்தகிரிக்கு ஒரு காணொளி அழைப்பு. பெரியப்பாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

முதலில் நலம் விசாரித்தார்கள். மழை, கொழுந்து விலை, முழங்கால் வலி. பிறகு நான் பிறப்புச் சான்றிதழைக் கேமராவுக்கு முன் பிடித்தேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "பேரு தப்பு, வயசு தப்பு, வருசம் மட்டும் எப்படிச் சரியா இருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தோட்டத்துப் பிறப்புகளை எழுதிக்கொண்டவர்கள் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். காகிதம் என்பதாலேயே அது பிழையற்றதாகிவிடாது. ஆனால் மதினியின் பள்ளிச் சான்றிதழும் அதே ஆண்டைத்தான் சொல்கிறது, அவருடைய அடுத்த தம்பி 1972இல் பிறந்தவர். அதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தையும் தம் பங்குக்கு, ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்வதாகத் தாத்தா சத்தியம் செய்தது மட்டும் மாறாது என்று அழுத்திச் சொன்னார். அதற்குக் காகிதம் எதுவும் இல்லை, சாட்சியும் இல்லை. சத்தியம் செய்தவரும் இல்லை. நான் அதை அத்தையின் சொல்லாகவே பதிவு செய்கிறேன்.

அப்போது மதினி கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மாமா, ஒங்கள எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க நீலக் கட்டம் போட்ட சட்ட போட்டிருந்தீங்க."

"நீலமில்ல, பச்சை," என்றார் பெரியப்பா உடனே. "எங்கக்கா தச்சுக் குடுத்தது."

அத்தை குறுக்கிட்டு, அந்தச் சட்டையைத் தாம் தைக்கவில்லை, தலவாக்கலையில் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்தது என்றார். எந்தத் தையற்காரர் என்று பெரியப்பா கேட்டார். கடை எங்கே இருந்தது என்பதில் இருவருக்கும் ஒத்துவரவில்லை; ஒருவர் ஸ்டேசன் பக்கம் என்றார், மற்றவர் கோயில் பக்கம் என்றார். நான் எழுதுவதற்காக நோட்டை எடுத்தேன். மதினி இருவரையும் சற்று நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், தம்பி ரெண்டையும் எழுதிக்கொள்ளட்டும் என்றார். பேச்சு முடிய இரவு பத்தரை மணி ஆனது. சட்டைத் துணி இன்னும் கோத்தகிரியில் பழைய தலையணை உறையாக இருக்கிறது என்றும், விடிந்ததும் தேடிப் படமெடுத்து அனுப்புவதாகவும் பெரியப்பா சொல்லியிருக்கிறார்.